வேலிக்கு அடியால் வந்த பூ

இன்று சனிக்கிழமை. காலையில் கேத்திலைப் போட்டுவிட்டுக் குசினி யன்னலைத் திறந்தேன். தண்ணீர் கொதிக்கமுதலே உன் பூவின் மணம் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் வேலியோரம், எங்கள் பக்கத்தில், கறிமிளகாய் நடக் கொத்தி வைத்திருந்த பாத்திக்குள் இந்த வருடமும் கேட்காமலே வந்து பூத்து நிற்கிறது. அகன்ற இரண்டு இலை, நடுவில் குனிந்த தண்டு, தண்டில் வரிசையாக வெள்ளை மணிகள். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அது உன் பூவுக்குத் தெரியவில்லை.

நாளைக்கு மகள் அபியின் கல்யாணம். பலகாரச் சட்டி இன்னும் கழுவவில்லை, சாறிக்கு இஸ்திரிக்கை போடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் தெரியாது, இப்போது மட்டும் என்ன வந்தது. இருபது வருடம் நாம் பேசியது ஆங்கிலம். உன்னுடையது ஒரு விதமாக உடைந்தது, என்னுடையது இன்னொரு விதமாக. ஆனால் நீ சொன்னதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வோபர்ன் பகுதியில் இந்த வீட்டுக்கு நான் வந்தபோது அபிக்கு ஏழு வயது. அவர் மாரடைப்பில் போய் எட்டு மாதம். யாருடனும் பேசப் பிடிக்காத காலம் அது. பக்கத்து வீட்டில் உயரமான ஒரு வெள்ளைக்காரி தனியாக இருக்கிறாள் என்பது தெரியும். வேலியால் பார்த்துத் தலையாட்டுவாய், நானும் ஆட்டுவேன். அதற்குமேல் ஒன்றுமில்லை.

அந்த முதல் மே மாதத்து வெள்ளிக்கிழமையை நாம் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்போம். அன்று சிரிப்பு வரவில்லை. அவர் போனபின் நான் விடாமல் வைத்திருந்தது வெள்ளிக்கிழமை விளக்கு ஒன்றைத்தான். சாமிக்கு வைக்க வீட்டில் பூ இல்லை. வேலியோரம் பார்த்தால் வெள்ளைப் பூ, அதுவும் இவ்வளவு மணத்தோடு. சாமிக்கு வேறென்ன வேண்டும்? ஒரு கை நிறையப் பறித்தேன். நீ உன் வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாய்.

"மேசையில வைக்கவோ?" என்று கேட்டாய்.

"சாமிக்கு," என்றேன்.

படங்களுக்கு வைத்ததுபோக மிஞ்சிய பூவைச் செம்புத் தண்ணீருக்குள் போட்டேன். இந்த நாட்டில் துளசிக்கு எங்கே போவது? கையில் கிடைத்த பூவைப் போடுவேன். பூசை முடிந்ததும் அதுதான் தீர்த்தம். எனக்கு ஒரு கை, அபிக்கு ஒரு கை.

அபி சும்மா இருக்காமல் வேலியடிக்கு ஓடிப்போய், அம்மா பூத்தண்ணி செய்கிறா, நாங்கள் அதைக் குடிக்கப்போகிறோம் என்று உனக்குப் பெருமையடித்திருக்கிறாள். நான் கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருக்கிறேன். முன்கதவு படாரென்று திறந்தது. தோட்டத்துச் சப்பாத்தோடு, அதில் ஒட்டிய சேறோடு, நீ என் சாமி அறைக்குள் நின்றாய். செம்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினிச் சிங்குக்குள் ஊற்றினாய்.

எனக்கு வந்த கோபத்தை உனக்கு இன்றைக்கும் மறைக்கமாட்டேன். சப்பாத்தோடு சாமி அறைக்குள் வந்தவள், காலையில் என்ன இறைச்சி தின்றாளோ என்று எல்லாம் யோசித்தேன். வாய்க்கு வந்தபடி தமிழிலேயே ஏசினேன். அபியின் கையைப் பிடித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாய். பிறகு என் கையையும் இழுத்துக் கழுவினாய்.

"இது நஞ்சு. பூ, இலை, வேர் எல்லாம் நஞ்சு. இது கிடந்த தண்ணியும் நஞ்சு. இதயத்தைப் பிடிக்கும்."

இதயம் என்றதும் நான் கதிரையில் இருந்துவிட்டேன். உனக்கு அவர் போன விதம் தெரிந்திருக்க நியாயமில்லை. அபியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். நீ எனக்கு முன்னால் குந்தியிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய்.

"மணக்கலாம். பாக்கலாம். தலையில வைக்கலாம். வாய்க்குள்ள மட்டும் போகக்கூடாது. விளங்குதோ?"

"தலையில நான் வைக்கக்கூடாது."

"ஏன்?"

"புருசன் செத்தால் நாங்கள் பூ வைக்கிறேல்லை."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாருக்கும் தெரியும்."

நீ எழும்பி, துணி ஒன்றைத் தேடி எடுத்து, சாமி அறைவரைக்கும் நீ போட்ட சேற்றைத் துடைத்தாய். நான் தேத்தண்ணி வைத்தேன். வேறு என்ன செய்வது?

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் பெயரைக் கேட்டுக்கொண்டோம். "லோரா" என்றாய். நீ உடுப்புத் திருத்தித் தைக்கும் கடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், முழுப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லையாம். எனக்கு முழுப் பெயர் வேண்டும் என்றேன். பாலசுப்பிரமணியத்தையும் திருஞானசம்பந்தரையும் கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு எது நீளம்? நீ சொன்னாய்: "லக்ரமியோவரா." ஒரே தடவையில் திருப்பிச் சொன்னேன். கை தட்டினாய். இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடத்தில் நான்தான் முதல் ஆள் என்றாய்.

அர்த்தம் கேட்டேன். கண்ணீர் என்றாய்.

எங்கள் சனம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற பாடு உனக்குப் பின்னால் தெரியவந்தது. நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து, எண் கூட்டி, அர்த்தத்தில் ஒரு தூசு துரும்பு இல்லாமல் தேடுவோம். செல்வம் இருக்கலாம், வெற்றி இருக்கலாம், தெய்வம் இருக்கலாம். கண்ணீரை யாராவது பிள்ளையின் தலையில் கட்டுவார்களா? கேட்டேவிட்டேன், "பெத்த தாயோ உனக்கு இந்தப் பேரை வைச்சது?" என்று.

நீ சிரித்த சிரிப்பில் அபி பயந்துபோனாள். "முழுக் கண்ணீர் இல்லை. சின்னக் கண்ணீர். ஒரு துளி. அங்க பார், வேலியடியில நிக்கிறது அதுதான்," என்று யன்னலைக் காட்டினாய்.

அந்தப் பூவின் பெயரே உன் பெயர். ருமேனியாவில் கண்ணீருக்கு லக்ரிமா என்று சொல். பழைய ரோமாபுரிக்காரர் விட்டுப்போன சொல்லாம். இத்தாலியில் கட்டட வேலைக்குப் போன உன் தம்பி, அங்கேயும் கண்ணீருக்கு அதே சொல்தான் என்று வந்து சொன்னானாம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் செல்லமாக்கினால் பூ வந்துவிடுகிறது. சிலுவைக்குக் கீழே நின்று மாதா அழுதாவாம், அந்தக் கண்ணீர் விழுந்த இடமெல்லாம் இது முளைத்ததாம். உன் ஊர்ச் சனம் சொல்லும் கதை. உன் அம்மா அந்தக் கதைக்காக வைக்கவில்லை. நீ பிறந்த மே மாதம் யன்னலுக்குக் கீழே அது பூத்து நின்றது, அவ்வளவுதான். உன் தங்கச்சி பனி கரையும்போது பிறந்தாள், அந்த நேரம் நிலத்தை முட்டிக்கொண்டு வரும் ஊதாப் பூவின் பெயரில் பிரிந்தூஷா ஆனாள். பக்கத்து வீட்டுக்காரி வியோரிகா, அது சின்ன நீலப் பூ. ஃபிளோரிகா என்றால் வெறுமனே பூ. உன் வகுப்பில் வாத்தியார் இடாப்பில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டால் தோட்டத்துக்குள் நடக்கிற மாதிரி இருக்கும் என்றாய்.

"இவ்வளவு இருக்கிற பேரை லோரா ஆக்கிப்போட்டாங்களே," என்றேன்.

"அது பரவாயில்லை. உன்ர பேர் என்ன?"

புஷ்பராணி என்றேன். அர்த்தத்தையும் சொன்னேன், பூக்களுக்கு ராணி என்று. நீ கோப்பையைக் கீழே வைத்தாய்.

"தலையில பூ வைக்கக்கூடாது. பேர் முழுக்கப் பூ. பேரையும் கழட்டி வைச்சிட்டியோ?"

அன்றிலிருந்து நீ என்னை ராணி என்றுதான் கூப்பிட்டாய். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த வருடம் கார்த்திகையில் கமலா மச்சாளின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. கமலா மச்சாள் அவருடைய மூத்த அக்கா, நகரத்தின் மற்ற அந்தத்தில், ரெக்ஸ்டேலில் இருக்கிறவ. நான் பழக்கத்தில் பலகாரத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டேன். மச்சாள் மெதுவாக வந்து தட்டை வாங்கினா. "நீ இரு புஷ்பம், நான் கொண்டுபோறன்," என்றா. கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னா. நான் பின்வரிசையில் போய் இருந்தேன். அதற்குப்பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் கால் தானாகப் பின்வரிசைக்குப் போகும். ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தாய். கையில் கோயிலில் ஆசீர்வதித்த வில்லோ மரக் கொப்பு. இந்தமுறை சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தாய். என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "லா முல்ட்ஸ் அன்" என்றாய். பல்லாண்டு என்று அர்த்தமாம்.

"எனக்கு இண்டைக்குப் பிறந்தநாள் இல்லையே."

"இண்டைக்குக் குருத்தோலை ஞாயிறு. எங்கட நாட்டில பூப்பேர் வைச்ச எல்லாருக்கும் இண்டைக்குத்தான் பேர் நாள். வீடு வீடாய்ப் போய் வாழ்த்துவம். இஞ்ச எனக்குப் போறதுக்கு ஒரு வீடும் இல்லை. பக்கத்து வீட்டில ஒரு பூ இருக்கெண்டு ஞாபகம் வந்தது."

நீ போனபின் கதவைச் சாத்திவிட்டு அழுதேன் என்பதை உனக்கு நான் சொல்லவேயில்லை. நல்ல நாளும் அதுவுமாக முதல் வாழ்த்துக்கு யாராவது என் வாசலைத் தேடி வந்து எவ்வளவு காலம். அந்தக் கொப்பைச் சாமி அறையில் வைத்தேன். அதன்பிறகு ஒரு வருடமும் நீ தவறவில்லை. நான் உளுந்துவடை சுட்டு வைத்திருப்பேன். முட்டையும் பாலும் தொடாத உன் நோன்புக்கு என் வடைதான் தோது என்று பத்துப் பன்னிரண்டு தின்பாய். அபியின் பள்ளிக்கூடப் பாவாடைகளை நீதான் ஒவ்வொரு வருடமும் இறக்கித் தைத்துக் கொடுத்தாய். உன் பூ வேலிக்கு அடியால் என் பாத்திக்கு வந்து கறிமிளகாயை நெருக்குகிறது என்று நான் சண்டைக்கு வந்தால், "வேலி போட்டது நானில்லை. அதுக்கு வேலி தெரியாது," என்பாய்.

போன ஐப்பசியில் உனக்குத் தீராத நோய் என்று தெரிந்தது. அபிக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அப்போதுதான். தை மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெலிந்துபோய்க் கிடந்தாய். கல்யாணம் மே கடைசியில் என்று சொன்னேன். கணக்குப் பார்ப்பதுபோல விரலை மடித்தாய்.

"அப்ப என்ர பூ வந்திடும். நான் வராட்டியும் அது வரும். கல்யாணத்துக்கு நீ தலையில வை."

"பாப்பம்," என்றேன்.

"உங்கட ஆக்கள் 'பாப்பம்' எண்டால் இல்லையெண்டு எனக்குத் தெரியும். இருபது வருசமாப் பாக்கிறன்."

உன் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்தேன். மாசியில் நீ போய்விட்டாய். ஓம், வைக்கிறன் என்று ஒரு சொல், அதைச் சொல்லியிருக்கலாம். அதுதான் மூன்று மாதமாக என்னை அரிக்கிறது.

போன கிழமை அபி புதிதாக ஒரு பிடிவாதம் பிடித்தாள். தாலி கட்டியபின் பெரியவர்கள் வரிசையாக வந்து அறுகரிசி போட்டு வாழ்த்துவார்கள் அல்லவா, தாயும் தகப்பனும்தான் முதலில். என் இடத்தில் தம்பியும் அவன் மனைவியும் போடுவதாகப் பேசியிருந்தோம். அபி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "நோ அம்மா. ஃபர்ஸ்ட் நீங்கள்தான் போடவேணும். லோரா அன்ரிக்கு நான் பிராமிஸ் பண்ணிட்டன்." நீ அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

போடாவிட்டால் பிள்ளையின் மனம் நோகும். போட்டு, நாளைக்குப் பிள்ளைகள் இரண்டுபேருக்கும் ஒரு தலையிடி வந்தாலும், தாய் முன்னுக்கு வந்ததால்தான் என்று யாராவது வாய்திறப்பார்கள். யாராவது என்ன, நானே அப்படி நினைப்பேன். அதுதான் பயம். கமலா மச்சாள் வேறு இன்றைக்கு வந்து தங்கப்போகிறா. அவவுடைய புருசனும் போய் மூன்று வருடம். இப்போது மண்டபங்களில் பின்வரிசையில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவவுடையது. முறை தவறினால் மற்றவர்களைவிட அவவுக்குத்தான் முதலில் தெரியும்.

மணி அடிக்கிறது, மச்சாள்தான். மிச்சம் பிறகு.

இன்று திங்கள். வீட்டில் ஒருவரும் இல்லை.

நேற்று விடியக்காலை, மற்றவர்கள் எழும்பமுதல், வெறுங்காலோடு பாத்தியடிக்குப் போனேன். புல்லெல்லாம் பனி. உன் பூவின் முன்னால் குந்தியிருந்து யோசித்தேன். மல்லிகைக்கு முறை இருக்கிறது. யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். கனகாம்பரத்துக்கும் இருக்கிறது. இந்தப் பூவை எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. இதற்கு யாரும் ஒரு முறையும் எழுதி வைக்கவில்லை. ஏழு தண்டு பறித்தேன். கொண்டையில் சொருகிவிட்டு, நீ பழக்கியபடி சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.

அபி கண்டாள். மணப்பெண் அலங்காரம் கலைந்துவிடும் என்று அழாமல் இருக்கப் பாடுபட்டாள். "ஸ்மெல்ஸ் லைக் லோரா அன்ரி," என்றாள்.

தாலி கட்டி முடிந்தது. ஐயர் அறுகரிசித் தட்டைத் தூக்கிக்கொண்டு சபையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து மணவறைக்கு எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை, ஆனால் தூரம். நான் கடந்து போகிற ஒவ்வொரு கதிரையும் என் கொண்டையைப் பார்ப்பதுபோல இருந்தது. ஐயர் தட்டை நீட்டினார். அறுகையும் அரிசியையும் அள்ளினேன். பிள்ளைகள் இரண்டுபேரின் தலையிலும் போட்டேன். அவரை நினைத்தேன், உன்னை நினைத்தேன். பயம் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். மச்சாள் என் பக்கம் திரும்பினா.

"உது என்ன பூ?"

"பக்கத்து வீட்டுக்காரியின்ர பூ மச்சாள். லக்ரமியோவரா."

"அப்பிடியெண்டால்?"

"சின்னக் கண்ணீர்."

கல்யாண வீட்டில் கண்ணீரை யார் தலையில் வைப்பார்கள் என்று ஏசப்போகிறா என்று காத்திருந்தேன். மச்சாள் என் தோளடிக்குக் குனிந்து பூவை மணந்தா. மணவறையைப் பார்த்தா. ஒவ்வொரு சோடியாக மேலே போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டா.

"இன்னும் கிடக்கோ?"

என் கொண்டையிலிருந்து மூன்று தண்டை உருவினேன். நரைத்த சின்னக் கொண்டை அவவுக்கு, ஊசி நிற்கவில்லை. என் ஊசி ஒன்றையும் கழற்றிக் குத்திவிட்டேன். அவ தலையைக் குனிந்து, குத்தி முடியுமட்டும் அசையாமல் இருந்தா. உன் கணக்குப்படி அவவும் எங்கள் ஆள்தான். கமலா என்றால் தாமரை.

"போங்கோ மச்சாள். உங்கட தம்பியின்ர பிள்ளை. போய்ப் போடுங்கோ."

எழும்பிப் போனா. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என் கையிலிருந்து தட்டை வாங்கியவ, ஐயர் நீட்டிய தட்டிலிருந்து அரிசி அள்ளினதை நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தேன்.

உன் மகன் மிஹாய், நீ ஊரிலிருந்து பின்னால் கூப்பிட்டெடுத்தவன், ஒஷாவாவிலிருந்து வந்திருந்தான். வீட்டை விற்கப்போகிறானாம், வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிக் கல் பதித்தாலும் பதிப்பார்கள், அதற்குமுதல் அம்மாவின் பூவை எடுங்கோ அன்ரி என்றான். எடுக்கத் தேவையில்லை, அது எப்போதோ வேலிக்கு அடியால் என்னிடம் வந்துவிட்டது என்றேன். கறிமிளகாயை இந்த வருடம் சாடியில் நடுகிறேன்.

நன்றி என்று உனக்கு நேரே நான் சொன்னதேயில்லை. வடை சுட்டுத் தந்தேன், காலுக்கு எண்ணெய் தேய்த்தேன், அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன். என் பிள்ளையையும் என்னையும் காப்பாற்றினாய். என் பெயரை எனக்குத் திருப்பித் தந்தாய். ஓம் என்று அன்றைக்குச் சொல்லாததை நேற்றுச் செய்துவிட்டேன். கணக்குத் தீர்ந்ததாக வைத்துக்கொள்.

வருகிற குருத்தோலை ஞாயிற்றுக்கு வில்லோக் கொப்போடு மச்சாள் வாசலில் நிற்கவேண்டும், அந்த வாழ்த்தை உன்னைப்போலச் சொல்லவேண்டும், பழகிக்கொண்டிருக்கிறேன். அதற்குமுதல் இந்த ஞாயிறு அவ வேர் வாங்க வருகிறா, தன் வீட்டு மதிலோரம் நடவேண்டுமாம். மணக்கலாம், பார்க்கலாம், தலையில் வைக்கலாம், தீர்த்தச் செம்புக்குள் மட்டும் போடக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். ரெக்ஸ்டேல் வரைக்கும் சப்பாத்தோடு ஓட என் முழங்கால் விடாது.